ஹைட்ரஜனுக்கு ஒரு பெட்டகம்

எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்ரயிலில் மாட்டுங்காவில் ஏறினால், சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர் ஆகியவற்றைக் கடந்ததும் விக்ரோலி வருகிறது. தமிழ் வீடுகளில் ‘பீரோ’ என்றதும் நினைவுக்கு வரும் கோத்ரெஜ் நிறுவனத்தின் பெரிய தொழில் வளாகம் அமைந்த இடம் இது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கான எஃகு வாக்குப்பெட்டிகள் 1951ஆம் ஆண்டில் இங்கே உருவாயின. வங்கிகளின் பாதுகாப்புப் பெட்டகங்களுக்குப் பெயர்பெற்ற அதே நிறுவனம், இன்று இஸ்ரோவின் ஏவூர்திகளுக்குத் தேவையான இயந்திர உறுப்புகளையும் விக்ரோலியில் செய்து தருகிறது. அவற்றுள் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் இயந்திரத்தின் பாகங்களும் அடங்கும்.

பொன்னையும் பத்திரங்களையும் பூட்டிவைக்கும் கலையில் தேர்ந்த ஊர் விக்ரோலி. அந்த ஊரின் வாசலில் நின்று ஒரு கேள்வியை எழுப்புவது பொருத்தமாக இருக்கும். பிரபஞ்சத்திலேயே மிக இலேசான வாயுவாகிய ஹைட்ரஜனை, ஒரு காரின் அடியில் அடங்கும் அளவுக்கு, ஆபத்தில்லாமல், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வகையில் எப்படிப் பூட்டிவைப்பது? ‘வருங்கால எரிபொருள் ஹைட்ரஜன்’ என்னும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அந்த வருங்காலம் எப்போது வரும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கப் போவது இந்தப் பெட்டகக் கேள்விதான்.

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. வாகனக் கடன் என்பது பல குடும்பங்களுக்கு வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய பொறுப்பு. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தவணை கட்டவிருக்கும் ஒருவர், எந்த எரிபொருளை நம்பி வண்டி வாங்குவது என்று யோசிப்பது இயல்பு. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எடையில் குறைவு, இடத்தில் பெரிது

ஒரு கிலோ பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 44 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் தருவதோ 120 மெகாஜூல். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. நம் மின்கட்டணச் சீட்டின் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் ஏறத்தாழ 33 யூனிட் இருக்கிறது. எரிபொருள் மின்கலத்தில் அது ஆக்சிஜனுடன் சேரும்போது மின்சாரமும் நீரும் வெப்பமும் மட்டுமே வெளிப்படுகின்றன, புகை இல்லை.

இடம் என்று வந்தால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு கிலோ ஹைட்ரஜன் ஏறத்தாழ 12,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் பன்னிரண்டு தேவை. ஒரு கார் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட ஐந்து கிலோ வேண்டும்; அப்படியானால் அறுபது தொட்டிகள்.

ஹைட்ரஜன் மும்பைக்குப் புதிதன்று. செம்பூரை அடுத்த மாகுலில் உள்ள பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலைகளில், எரிபொருளிலிருந்து கந்தகத்தை நீக்க அது பயன்படுகிறது. டிராம்பேயில் ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் அம்மோனியாவாகி, பிறகு யூரியாவாகி வயலுக்குச் செல்கிறது. ஆனால் இத்தகைய ஆலைகளில் ஹைட்ரஜன் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே குழாய்வழி சென்று செலவாகிவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றவேண்டிய தேவை அங்கே இல்லை. வாகனத்துக்கு அந்தத் தேவை உண்டு.

இடத்தைச் சுருக்க மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, அழுத்துவது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு அழுத்தினால் ஒரு லிட்டரில் 40 கிராம் ஹைட்ரஜன் அடங்கும். டொயோட்டாவின் மிராய் கார் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் இரண்டாம் தலைமுறை, கார்பன் இழை சுற்றிய தொட்டிகளில் 5.6 கிலோ ஹைட்ரஜனைச் சுமந்து, ஒரு நிரப்பலில் 650 கிலோமீட்டர் அளவுக்கு ஓடக்கூடியது. அழுத்துவதற்கே ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகும்.

இரண்டாம் வழி, குளிர்விப்பது. மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் திரவமாகிறது. லிட்டருக்கு 71 கிராம். இதற்கு ஆகும் ஆற்றலோ மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் இயந்திரங்களுக்கு இது ஏற்றது. ஏவூர்தி சில நிமிடங்களில் தன் எரிபொருளைத் தீர்த்துவிடும். நம் கார் வாரக்கணக்கில் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும். எவ்வளவு காப்பிட்டாலும் திரவம் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாம் வழிதான் இக்கட்டுரையின் பொருள்: ஹைட்ரஜனை ஒரு திடப்பொருளின் உள்ளே, வேதிப்பிணைப்பால் கட்டிவைப்பது.

உலோகம் வாயுவைக் குடிக்கும் விதம்

1860களில் ஸ்காட்லாந்தில் பிறந்த வேதியியலாளர் தாமஸ் கிரகாம் ஒரு வியப்பான செய்தியைப் பதிவு செய்தார். பல்லேடியம் என்னும் உலோகம் தன் கனஅளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொள்கிறது என்பதே அது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் இதை எண்ணிவிடக்கூடாது. ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது. உலோகத்தின் மேற்பரப்பைத் தொட்டதும் அது இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த அணுக்கள் உலோக அணுக்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் புகுந்து அமர்ந்துகொள்கின்றன. இவ்வாறு உண்டாகும் சேர்மத்துக்கு உலோக ஹைட்ரைடு என்று பெயர்.

பல்லேடியம் விலை மிகுந்த உலோகம். கார்த் தொட்டிக்கு ஆகாது. 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வகத்தார், லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த ஒரு கலப்புலோகம் அறை வெப்பநிலையிலேயே, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனை ஏற்றுத் திருப்பித் தருவதைக் கண்டனர். ஒரு லாந்தனம் அணு, ஐந்து நிக்கல் அணுக்கள், அவற்றுக்கிடையே ஆறு ஹைட்ரஜன் அணுக்கள். இந்தக் கலப்புலோகத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. பெரும் குளிர்பதனமும் இல்லை, 700 மடங்கு அழுத்தமும் இல்லை. 1974இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ரெய்லியும் விஸ்வாலும் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த மலிவான கலப்புலோகத்திலும் இதையே செய்து காட்டினர்.

பாதுகாப்பிலும் இவ்வகைக்கு ஒரு நன்மை உண்டு. உயர் அழுத்தத் தொட்டி உடைந்தால் உள்ளிருக்கும் வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறும். உலோக ஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் வெளியேற வெப்பம் தேவை. குழாய் உடைந்து வாயு கசிந்தால் உலோகம் தானே குளிர்ந்துவிடும். குளிர்ந்ததும் கசிவு தளரும். பூட்டு உடைக்கப்பட்டாலும் எளிதில் அள்ளிக்கொடுக்காத பெட்டகம் இது.

வைப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரு விலை

வங்கியில் சேமிப்புக் கணக்கும் உண்டு, நிரந்தர வைப்பும் உண்டு. சேமிப்புக் கணக்கில் எந்நேரமும் எடுக்கலாம்; வட்டி குறைவு. நிரந்தர வைப்பில் வட்டி அதிகம்; இடையில் எடுத்தால் இழப்பு. ஹைட்ரஜனைத் திடப்பொருளில் வைப்பதிலும் இதே நியாயம் செயல்படுகிறது. தளர்வாகப் பிடித்துக்கொள்ளும் பொருளில் குறைவாகவே அடங்கும்; இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் பொருளில் நிறைய அடங்கும், ஆனால் எளிதில் எடுக்க முடியாது. இங்கே கொடுக்கவேண்டிய விலை வெப்பம்.

உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகும்போது வெப்பம் வெளியாகிறது. திருப்பி எடுக்கும்போது அதே அளவு வெப்பத்தை நாம் கொடுக்கவேண்டும். லாந்தனம்–நிக்கல் கலவையில் இது ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு, அதாவது இரண்டு கிராமுக்கு, ஏறத்தாழ 30 கிலோஜூல். சிறிய எண்ணாகத் தோன்றினாலும் ஐந்து கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால் 75 மெகாஜூல் வருகிறது. பெட்ரோல் பங்கில் நிற்பதுபோல் ஐந்தே நிமிடத்தில் தொட்டியை நிரப்ப நினைத்தால், அவ்வளவு வெப்பத்தையும் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியேற்றியாக வேண்டும். அது 250 கிலோவாட். நம் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் 125 ஒரே நேரத்தில் இயங்குவதற்குச் சமம். தொட்டிக்குள் குளிர்நீர்க் குழாய்கள் ஓடவேண்டும். நிரப்பு நிலையத்தில் குளிர்விப்பு இயந்திரம் வேண்டும். இவை எல்லாம் எடையையும் செலவையும் கூட்டும்.

எடுக்கும்போது எழும் சிக்கல் வேறு வகை. காரின் எரிபொருள் மின்கலம் இயங்கும்போது வெப்பம் நிறையவே வீணாகிறது. அதைக் கொண்டு ஹைட்ரைடைச் சூடாக்கலாம். ஆனால் அந்த வெப்பம் 80 டிகிரி அளவிலேயே கிடைக்கிறது. அதற்கும் மேலான சூட்டைக் கேட்கும் பொருளாக இருந்தால், கையிருப்பு ஹைட்ரஜனிலேயே ஒரு பகுதியை எரித்துச் சூடாக்க வேண்டிவரும். மெக்னீசியம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மலிவான, இலேசான உலோகம். தன் ஹைட்ரைடின் எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜனைக் கொள்ளும். அதைத் திருப்பிப் பெற ஏறத்தாழ 300 டிகிரி சூடு வேண்டும். செலவாகும் வெப்பமோ அந்த ஹைட்ரஜன் தரும் மொத்த ஆற்றலில் 30 சதவீதத்தை எட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கை இழந்து முதலை எடுக்கும் வைப்பை யார் விரும்புவார்?

தராசில் வைத்துப் பார்த்தால்

ஐந்து கிலோ ஹைட்ரஜனைச் சுமக்க எவ்வளவு பொருள் வேண்டும் என்று கணக்கிடுவோம். லாந்தனம்–நிக்கல் கலவை தன் எடையில் 1.4 சதவீதமே கொள்ளும். எனவே ஏறத்தாழ 360 கிலோ தேவை. தொட்டியும் குழாய்களும் தனி. ஐந்து பேர் அமரும் காரில் மேலும் ஐந்து பேரை நிரந்தரமாக ஏற்றிச் செல்வதுபோல் இது. இரும்பு–டைட்டானியம் 1.9 சதவீதம் கொள்ளும். 260 கிலோவுக்கு மேல் வேண்டும். மெக்னீசியம் என்றால் 66 கிலோ போதும், ஆனால் 300 டிகிரி அடுப்பும் சேர்ந்து வரவேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பாதை ஒன்றை 1997இல் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் போக்டனோவிச், ஷ்விக்கார்டி ஆகியோர் திறந்தனர். சோடியம் அலனேட் என்னும் உப்பில் சிறிது டைட்டானியத்தை வினையூக்கியாகச் சேர்த்ததும், அதுவரை ஒருவழிப் பாதையாகக் கருதப்பட்டது இருவழிப் பாதையாயிற்று. கணக்குப்படி 5.6 சதவீதம் கொள்ளக்கூடிய இப்பொருள், நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே தருகிறது; 100 டிகிரிக்கு மேல் சூடும் கேட்கிறது. மேலும் இது தண்ணீர் பட்டால் தீவிரமாக வினைபுரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், தெருவெங்கும் கார்கள் மூழ்கி நின்றதையும் மறக்காத ஒரு நகரத்தில், தொட்டி எவ்வளவு நம்பகமாக மூடப்பட்டிருக்கிறது என்பது தள்ளிவைக்கக்கூடிய கேள்வியன்று.

அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்கு வைத்துள்ள இறுதி இலக்கு, தொட்டி முதலான அனைத்துப் பாகங்களும் சேர்ந்த எடையில் 6.5 சதவீதம் ஹைட்ரஜன், லிட்டருக்கு 50 கிராம், சில நிமிடங்களில் நிரப்பல். எடை, இடம், வெப்பநிலை, வேகம், ஆயுள், விலை ஆகிய ஆறிலும் ஒருசேரத் தேறிய திடப்பொருள் இன்றுவரை இல்லை. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பாடத்தில் தோற்கிறது.

போனால் திரும்பாத வைப்பு

எடைச் சிக்கலைத் தீர்க்க இன்னொரு குடும்பத்துப் பொருட்கள் முன்வருகின்றன. இவற்றை ரசாயன ஹைட்ரைடுகள் என்பர். அம்மோனியா போரேன் என்னும் வெண்ணிறத் திடப்பொருளின் எடையில் 19.6 சதவீதம் ஹைட்ரஜன். 100 டிகிரி அளவில் சூடாக்கினால் முதல் பங்கையும், 150 டிகிரியை நெருங்கும்போது இரண்டாம் பங்கையும் விடுவிக்கும். இரண்டும் சேர்ந்து 13 சதவீதம். கேட்கும்போதே ஆசை தூண்டும் எண் இது. சோடியம் போரோஹைட்ரைடு என்னும் உப்போ, தண்ணீருடன் சேர்ந்தால் தன்னிடமுள்ள ஹைட்ரஜனையும் தண்ணீரின் ஹைட்ரஜனையும் சேர்த்துத் தரும். 2001இல் கிரைஸ்லர் நிறுவனம் ‘நேட்ரியம்’ என்னும் மாதிரி வாகனத்தை இந்த உப்பின் பலத்திலேயே ஓட்டிக் காட்டியது.

குறை எங்கே? ஹைட்ரஜனை விடுவித்தபின் தொட்டியில் எஞ்சும் கழிவில் இருக்கிறது. உலோக ஹைட்ரைடில் மீண்டும் வாயுவைச் செலுத்தினால் நிரம்பிவிடும். இவற்றில் அது நடவாது. எஞ்சிய போரேட்டை வெளியே எடுத்து, தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று, நிறைய ஆற்றலைச் செலவழித்துப் பழைய நிலைக்கு மாற்றவேண்டும். காலி கேஸ் சிலிண்டரை மாற்றிக்கொள்வதுபோல் இதையும் மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் சிலிண்டரை நிரப்புவது எளிய வேலை. போரேட்டை மீட்பது ஒரு முழு ரசாயன ஆலையின் வேலை. இக்காரணத்தால் 2007இல் அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த வல்லுநர் குழு, கார்களுக்கான சோடியம் போரோஹைட்ரைடு முறையைத் தொடரவேண்டாம் என்று பரிந்துரைத்தது. அம்மோனியா போரேனில் இன்னொரு தொல்லை: ஹைட்ரஜனோடு சிறிதளவு அம்மோனியாவும் வெளிவரும். வாகன எரிபொருள் மின்கலத்துக்கான சர்வதேசத் தர அளவு, பத்து மில்லியனில் ஒரு பங்கு அம்மோனியாவை மட்டுமே அனுமதிக்கிறது.

இப்பொருட்களை ஆராயும் கூடங்கள் விக்ரோலிக்கு அருகிலேயே உள்ளன. ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையில் மேற்கே சிறிது தூரம் சென்றால் பவாயில் மும்பை ஐ.ஐ.டி. அங்கே ஆற்றல் அறிவியல் பொறியியல் துறையில் பேராசிரியர் பிரதிபா சர்மாவின் குழு, ஹைட்ரஜனைத் திடப்பொருளில் சேமிப்பது குறித்து ஆய்வு செய்துவருகிறது. தெற்கே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் ஹைட்ரைடு ஆய்வு நெடுங்காலமாக நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி. உலோக ஹைட்ரைடுகளின் வெப்பப் பரிமாற்றத்தில் நீண்ட அனுபவம் கொண்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவா ஹைட்ரைடுத் தொட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்களை ஓட்டிக் காட்டினார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2021இல் மறைந்தார்.

ஒரு நிறுவனம் மாற்றிக்கொண்ட முடிவு

சோதனை மேசையிலிருந்து சாலைக்கு வரும்போது என்ன நேர்கிறது என்பதற்கு டொயோட்டாவின் அனுபவமே போதுமான பாடம். 1996இல் அந்நிறுவனம் காட்டிய முதல் எரிபொருள் மின்கல வாகனத்தில் இருந்தது, ஹைட்ரஜனை உறிஞ்சும் கலப்புலோகத் தொட்டி. 2001இல் வந்த அடுத்த மாதிரி ஒன்றிலும் அதுவே. அதே ஆண்டில் அழுத்தத் தொட்டி பொருத்திய இன்னொரு மாதிரியையும் டொயோட்டா சோதித்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த நிறுவனம் தேர்ந்தது அழுத்தத் தொட்டியை. 2014இல் விற்பனைக்கு வந்த மிராயில் உலோகத் தொட்டிக்கு இடமில்லை. அழுத்தத் தொட்டியின் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம் ஹைட்ரஜன் அடங்குகிறது. அன்றைய கலப்புலோகங்களில் இரண்டு சதவீதம்கூட இல்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அந்த உலோகம் வீணாகிவிடவில்லை. ஹைட்ரஜனைக் குடிக்கும் அதே குடும்பத்துக் கலப்புலோகங்கள்தான் நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்களின் எதிர்முனையாக அமைகின்றன. 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் இத்தகைய மின்கலத்தால் புகழ்பெற்றது. இன்று நம் சாலைகளில் ஓடும் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வண்டியிலும் இதே வகை மின்கலம் இருக்கிறது. ஹைட்ரஜன் கார் வரவில்லையே என்று நாம் காத்திருக்க, ஹைட்ரஜனைப் பிடிக்கும் உலோகம் அமைதியாக வந்துசேர்ந்துவிட்டது.

பாரம் பயனாகும் இடங்கள்

எடை ஒரு குற்றமாகாத இடங்களில் உலோக ஹைட்ரைடு ஏற்கெனவே தன் தகுதியை நிலைநாட்டிவிட்டது. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரைடு உருளைகளில் ஹைட்ரஜனைச் சுமக்கின்றன. நீர்மூழ்கிக்கு எப்படியும் அடிப்பாரம் தேவை. அந்தப் பாரமே எரிபொருளாகவும் அமைகிறது. கிடங்குகளில் சரக்கைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் நிலையும் அதுவே. முன்னால் தூக்கும் சுமைக்குப் பின்னால் ஓர் எதிர்ப்பாரம் வேண்டும். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் மின்சேமிப்பு நிலையங்களுக்கும் எடை பொருட்டன்று. பகலில் சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை உலோகத்தில் வைத்துக்கொண்டு, இரவில் மின்சாரமாக்கிக்கொள்ளலாம். நகரும் பாகம் ஏதுமின்றி, வெப்பத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதாலேயே ஹைட்ரஜனை உயர் அழுத்தத்துக்குக் கொண்டுசெல்லும் ஹைட்ரைடு அமுக்கிகளும் ஆய்வில் உள்ளன. வருங்கால நிரப்பு நிலையங்களுக்கு இவை உதவக்கூடும்.

மும்பைக்கு அருகே இன்னொரு முயற்சியும் உண்டு. விக்ரோலி வழியே செல்லும் அதே ரயில் பாதையில் கல்யாணைத் தாண்டினால் வரும் அம்பர்நாத்தில், கடற்படைப் பொருள் ஆராய்ச்சிக்கூடம் நீர்மூழ்கிகளுக்கான எரிபொருள் மின்கல அமைப்பை உருவாக்கியுள்ளது. ஹைட்ரஜனைத் தொட்டியில் சுமக்காமல் கலத்திலேயே உண்டாக்கிக்கொள்வது அதன் சிறப்பு. 2021 மார்ச் மாதத்தில் அதன் தரைச் சோதனை வெற்றிகரமாக நிறைவேறியது. கார்களுக்குக் கட்டுபடியாகாத ஒரு வழி, கடலுக்கடியில் நாட்டுக் காவலுக்குக் கட்டுபடியாகிறது. செலவையும் பயனையும் ஒப்பிடும் தராசு இடத்துக்கு இடம் மாறுகிறது.

புணே–மும்பைச் சாலையில்

மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறன் இலக்கு. இவ்வியக்கத்தின் கீழ் 2025 மார்ச்சில் 37 பேருந்துகளும் லாரிகளும், 9 நிரப்பு நிலையங்களும் அடங்கிய முன்னோடித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவை ஓடவிருக்கும் பத்து வழித்தடங்களுள் புணே–மும்பையும் ஒன்று. பட்டியலில் கார்கள் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதற்குக் காரணம் எளிய கணக்கு. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதில் 33 யூனிட் ஹைட்ரஜனில் தங்கும். எரிபொருள் மின்கலத்தைக் கடந்து சக்கரத்துக்கு வருவது ஏறத்தாழ பாதி, அதாவது 16, 17 யூனிட். அதே 50 யூனிட்டை நேரே மின்கல வாகனத்தில் ஏற்றினால் 40 யூனிட் அளவுக்குச் சக்கரத்தை அடையும். நாள்தோறும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சென்று இரவில் வீடு திரும்பும் காருக்கு ஹைட்ரஜன் சிக்கனமாகாது. பல டன் சரக்கோடு நெடுந்தூரம் ஓடி, நிற்க நேரமில்லாத லாரிக்கு மின்கலத்தின் எடையும் ஏற்றும் நேரமும் தடையாகும்போதுதான் ஹைட்ரஜனின் முறை வருகிறது.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

இவ்வளவும் அறிந்துகொண்டதன் பயன் என்ன? இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, வாகனம் வாங்கும் முடிவு. ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று இன்றைய தேவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் குடும்பத்துக்கான தேர்வு பெட்ரோல், சி.என்.ஜி., ஹைபிரிட், மின்கல வாகனம் ஆகியவற்றுக்குள்ளேயே அமையும். தினசரி ஓட்டம், மின்னேற்றும் வசதி, தவணைக் காலம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்யலாம்.

இரண்டாவது பயன் இன்னும் முக்கியமானது. புதிய தொழில்நுட்பத்தின் பெயரால் முதலீடு கேட்டு வருவோர் எக்காலத்திலும் உண்டு. ‘தண்ணீரில் ஓடும் கார்’, ‘புரட்சிகர ஹைட்ரஜன் பொடி’ என்ற பேச்சோடு யாரேனும் நம் ஓய்வூதியச் சேமிப்பை நாடினால், பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: சொல்லப்படும் சதவீதம் வெறும் பொருளின் எடைக்கா, தொட்டி முதலான அனைத்தும் சேர்ந்த எடைக்கா? பெரும்பாலான கவர்ச்சி எண்கள் முதல் வகையைச் சேர்ந்தவை.

இரண்டு: எத்தனை டிகிரியில் ஹைட்ரஜனை விடுவிக்கிறது, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மூன்று: நிரப்பும்போது வெளிவரும் வெப்பத்தை எப்படி அகற்றுகிறார்கள், நிரப்ப எவ்வளவு நேரமாகிறது?

நான்கு: எத்தனை முறை நிரப்பிக் காலி செய்து சோதித்திருக்கிறார்கள்? ஹைட்ரஜன் புகும்போது லாந்தனம்–நிக்கல் கலவை கால் பங்கு அளவுக்குப் பருக்கிறது. மீண்டும் மீண்டும் பருத்துச் சுருங்கி அது பொடியாகிவிடுவதை ஆய்வாளர்கள் நன்கறிவர்.

ஐந்து: எஞ்சும் கழிவை மீட்க ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள்?

தண்ணீரில் ஓடும் கார் என்பவருக்கு இந்த ஐந்துகூடத் தேவையில்லை. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை மீண்டும் விறகாக எரிக்க முடியாததுபோல், வெளியிலிருந்து ஆற்றல் செலுத்தாமல் தண்ணீரை எரிபொருளாக்க முடியாது.

நேர்மையாக உழைக்கும் ஆய்வகங்கள் இக்கேள்விகளுக்கு அஞ்சுவதில்லை. அவர்கள் நாள்தோறும் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், கேட்டபோது விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்னும் இரட்டை நிபந்தனையை நிறைவேற்றும் ஒரு பொருளைத்தான் பவாயிலும் டிராம்பேயிலும் தேடுகிறார்கள். நல்ல வங்கியிடமும் நாம் எதிர்பார்ப்பது அதுவேயல்லவா? அத்தகைய பெட்டகம் ஒருநாள் கிடைக்கலாம். அதுவரை, நம் சேமிப்பை எங்கே வைப்பது என்று ஆராயும் அதே நிதானத்தோடு ஹைட்ரஜன் பற்றிய செய்திகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.